ஃபோட்டோ எடிட்டிங் பழக வருகிறவருக்கு: எதில் தொடங்குவது, எப்போது மாறுவது

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஃபோட்டோஷாப் கத்துக்கணும், எங்கே ஆரம்பிக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது: "நீங்க திருத்துற படம் கடைசியில எங்கே போகப் போகுது?" வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கா, தேர்வு விண்ணப்பத்துக்கா, கல்யாண ஆல்பத்துக்கா, தாத்தா படமாகச் சுவரில் மாட்டவா? இதற்குப் பதில் தெரியாமல் பெரிய மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு, மூன்றே நாளில் "இது நமக்கு வராது" என்று விட்டுவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமையில் குறை எதுவும் கிடையாது. செய்ய வேண்டிய வேலைக்கும் கையில் எடுத்த கருவிக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். ஸ்டுடியோ வேலையில் பல வருடம் இருந்த அனுபவத்தில், புதிதாக வருகிறவர் எந்த வரிசையில் போகலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: படம் எங்கே போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் திருத்திய, அல்லது திருத்த நினைத்த படங்களை எழுதுங்கள். பக்கத்திலேயே அவை போய்ச் சேர்ந்த இடத்தையும் குறியுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம் போதும். 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அச்சிட்டால் மொத்தமே 413க்கு 531 பிக்சல்தான். 4க்கு 6 அங்குலப் பிரின்ட் 1200க்கு 1800 பிக்சல். இவை எல்லாமே ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் செயலி தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. இதற்காகக் கணினி வாங்க வேண்டாம், மாதச் சந்தாவும் கட்ட வேண்டாம்.

கல்யாண ஆல்பம் வேறு விஷயம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் சாதாரணமாக வடிவமைக்கும் 12க்கு 36 அங்குல விரிப்பு ஒன்று 3600க்கு 10,800 பிக்சல். அதில் ஏழெட்டுப் படம், பின்னணி, பெயர், ஓரத்துக்குப் பூ வேலை எல்லாம் தனித்தனி லேயராக, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போல, உட்காரும். ஒரு கோப்பே சில நூறு எம்பிக்குப் போகும். அதை ஃபோனில் செய்ய நினைப்பது நேர விரயம்.

இரண்டாம் படி: எத்தனை படம்?

தரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் எண்ணிக்கைதான் பெரிய வித்தியாசம்.

வாரத்துக்கு ஐந்து படம் திருத்துகிறவர் ஒவ்வொன்றையும் ஃபோனில் திறந்து, விரலால் நகர்த்தி, சேமித்து முடித்துவிடலாம். ஒரு சீமந்தத்துக்குப் போய் 400 படம் எடுத்து வருகிறவரால் முடியாது. லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற கணினி மென்பொருள்களில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த 60 படங்களில் ஒன்றை மட்டும் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்ற 59க்கும் ஒரே சொடுக்கில் ஒட்டிவிடலாம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சின்னச் சின்ன மாற்றம் செய்தால் போதும். நல்ல படத்துக்கு நட்சத்திரம் போட்டுப் பிரிக்கலாம், வேண்டாததை ஒதுக்கலாம். இதுதான் தொழில்முறை மென்பொருள் தரும் முதல் லாபம். ஒரு தனிப் படத்தைப் பிரமாதமாக்குவது அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் படி: இரண்டு வகை மென்பொருள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் ஒரே நிறுவனத்தில் இருந்து வருவதால், ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோவை நினைத்துப் பாருங்கள். இருட்டறையில் கழுவி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பிரின்ட் போடுவது ஒரு வேலை. நெகட்டிவை மேஜையில் வைத்துக் கூர் தீட்டிய பென்சிலால் முகத்தில் இருக்கும் குறையைத் தொட்டுத் தொட்டு மறைப்பது இன்னொரு வேலை. பெரும்பாலும் அதற்கென்றே கை பழகிய ஒருவர் இருப்பார்.

லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி மூன்றும் இருட்டறை வகை. வெளிச்சம், நிறம், நிழல், கூர்மை ஆகியவற்றைப் படம் முழுக்கவோ ஒரு பகுதிக்கோ மாற்றும். மூலப் படத்தைத் தொடாது. நீங்கள் செய்த திருத்தங்களைக் குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். ஃபோட்டோஷாப், கிம்ப், அஃபினிட்டி, ஃபோட்டோபீ எல்லாம் டச்சப் மேஜை வகை. ஒவ்வொரு பிக்சலிலும் கை வைக்கலாம், இரண்டு படத்தைச் சேர்க்கலாம், எழுத்துப் போடலாம், ஆல்பம் வடிவமைக்கலாம்.

படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு முதலில் வேண்டியது இருட்டறை. அச்சு, வடிவமைப்பு, பழைய படம் புதுப்பித்தல் என்று போகிறவருக்கு முதலில் வேண்டியது மேஜை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம்.

நான்காம் படி: ஒரு மாதம் ஃபோனிலேயே பழகுங்கள்

எந்தப் பக்கம் போவதானாலும் முதல் மாதத்துக்கு ஸ்னாப்சீட் என்ற ஃபோன் செயலி போதும் என்பது என் கருத்து. இலவசம், விளம்பரம் இல்லை, தொழில்முறை மென்பொருளில் இருக்கும் முக்கியக் கருவிகளின் சின்ன உருவம் இதில் இருக்கிறது. லைட்ரூமின் ஃபோன் பதிப்பும் நல்லதுதான், ஆனால் அதில் சில கருவிகளுக்குப் பணம் கட்ட வேண்டும்.

நான்கு கருவிகளை மட்டும் பழகுங்கள். முதலில் கிராப், அதாவது ஓரங்களை வெட்டுவது. அடுத்தது ஒயிட் பேலன்ஸ், விளக்கால் படத்தில் ஏறும் மஞ்சள், நீலச் சாயலைச் சரிசெய்வது. மூன்றாவது கர்வ்ஸ். நான்காவது ஹீலிங், புள்ளி, கறை போன்றவற்றைப் பக்கத்து இடத்தை வைத்து மறைப்பது. மற்றவற்றைத் தொடவே வேண்டாம், குறிப்பாக ஃபில்டர்களை. ஃபில்டர் போட்டால் படம் மாறுவது தெரியும், என்ன மாறியது என்று தெரியாது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் வேண்டும்.

கர்வ்ஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறுக்கே ஒரு கோடு. இடது முனை படத்தின் இருட்டு, வலது முனை வெளிச்சம், நடுப்பகுதி பெரும்பாலும் முகம். நடுவில் விரலை வைத்துக் கொஞ்சம் மேலே தூக்கினால் முகம் தெளியும். முகத்தோடு சேர்ந்து நிழலும் வெளிறிப் போனால் இடது பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்து அதை மட்டும் கீழே இழுங்கள். ஸ்னாப்சீட்டில் பழகிய இந்தக் கை ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் அப்படியே வேலை செய்யும்.

இப்போது ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கல்யாண மண்டபம், மாலை வரவேற்பு. மேலே ட்யூப் லைட், மேடையில் மஞ்சள் விளக்கு, பக்கத்தில் வீடியோகாரரின் வெள்ளை விளக்கு. மாப்பிள்ளையின் அப்பா மேடை ஓரம் நிற்கிறார். அவர் முகம் மஞ்சளாக இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை நீலப் பக்கம் நகர்த்துகிறீர்கள். முகம் சரியாகிறது. ஆனால் அவர் கட்டியிருக்கும் பட்டு வேட்டி நீலம் பூத்துவிட்டது, ஏனென்றால் வேட்டியில் விழுந்த வெளிச்சம் வேறு. வேட்டியைச் சரிசெய்தால் முகம் மறுபடி மஞ்சள். ஸ்னாப்சீட்டில் இதற்கும் வழி உண்டு. செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, ஒயிட் பேலன்ஸ் மாற்றத்தை விரலால் முகத்தில் மட்டும் பூசலாம். காது ஓரத்திலும் சட்டைக் காலரிலும் விரல் வழுக்கும், பெரிதாக்கிப் பூசினால் ஒரு மாதிரி வந்துவிடும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரே ஒரு படம்தான் என்றால் அது தாங்கக்கூடிய நேரம். அந்த மண்டபத்தில் எடுத்த 80 படமும் இப்படித்தான் என்றால் நீங்கள் ஃபோன் செயலியின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: எல்லையைத் தொட்டுவிட்டோமா என்று பாருங்கள்

மாறுவதற்கான நேரம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? நான் சொல்லும் கணக்கு இது: ஒரே தடை மூன்று வெவ்வேறு வேலையில் வந்து நின்றால் மாறுங்கள். ஒரு தடவை வந்தால் அது அந்தப் படத்தின் பிரச்சினையாக இருக்கலாம்.

என்னென்ன தடைகள்? மேலே சொன்ன கலப்பு வெளிச்சம் ஒன்று. இன்னொன்று, ஹீலிங் வைத்த இடம் இழுபடுவது. கன்னத்தில் இருக்கும் புள்ளியை ஹீலிங் அழகாக எடுத்துவிடும். அதே புள்ளி சேலைக் கரையும் சுவரும் சந்திக்கும் கோட்டில் இருந்தால், ஜரிகை கரைந்து சுவரில் ஒழுகினது போல ஆகிவிடும். எங்கிருந்து நிறத்தை எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லும் குளோன் கருவி அங்கே வேண்டும்.

மூன்றாவது, வானம் பட்டை பட்டையாக உடைவது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைதான். மாலை வானத்தை அழுத்தி இருட்டாக்கினால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கேமராவில் ரா முறையில் (பதிவானதை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைப்பது) எடுத்தால் 12 பிட் என்றால் 4,096 படி, 14 பிட் என்றால் 16,384 படி. இருட்டில் போன முகத்தை மேலே தூக்கவும் இந்த இடம் வேண்டும். கேமராவில் ராவுக்கு மாறிய அன்றே இருட்டறை வகை மென்பொருளுக்கும் மாறிவிடுவது நல்லது.

நான்காவது, வாடிக்கையாளர் திரும்பி வந்து "பின்னணி மட்டும் வேற கலர் மாத்திக் குடுங்க" என்று கேட்பது. லேயர் இல்லாமல் ஒட்டிப்போன படமாகச் சேமித்திருந்தால் முதலில் இருந்து செய்ய வேண்டியதுதான்.

இந்தத் தடை எதுவும் வரவில்லை என்றால் ஃபோனிலேயே இருங்கள். நன்றாகவே இருக்கலாம்.

ஆறாம் படி: பணம் இல்லாத வழியை முதலில் பாருங்கள்

ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. 2013இல் இருந்து புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டும்தான். அதனால் "ஒரு தடவை வாங்கிப் போட்டுவிடலாம்" என்ற எண்ணம் அங்கே செல்லாது. சிலர் கடையில் கிராக் செய்த பதிப்பை ஏற்றித் தரச் சொல்கிறார்கள். வேண்டாம். மற்றவர் உழைப்பை எடுத்துக்கொள்கிறோம் என்பது ஒரு பக்கம். அதோடு, கிராக் கோப்பு என்ற பெயரில் வருவதில் வைரஸும் சேர்ந்து வரும். ஊராரின் கல்யாணப் படங்கள் மொத்தமும் இருக்கும் கணினியில் அந்த ஆபத்தை உள்ளே விடக்கூடாது.

இருட்டறை வகைக்கு டார்க்டேபிள் முழுக்க இலவசம். முதலில் திறந்தால் கருவிகளின் நீளமான பட்டியலைப் பார்த்து மலைப்பாக இருக்கும். எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), நிறம், கிராப், மாஸ்க் (திருத்தத்தை ஒரு பகுதிக்கு மட்டும் நிறுத்துவது) என்று உங்களுக்குத் தெரிந்த சொற்களை மட்டும் தேடிப் பிடியுங்கள்.

மேஜை வகைக்குக் கிம்ப். 1990களின் நடுவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, இன்று வரை தன்னார்வலர்களால் வளர்கிறது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்த பிறகு, போட்ட ஃபில்டரைப் பிறகும் மாற்ற முடிகிறது. முன்பு அது பெரிய குறையாக இருந்தது. எதையும் நிறுவ முடியாத கணினியில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஃபோட்டோபீ இருக்கிறது. பிரௌசரிலேயே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவம்) கோப்பு திறக்கும், பார்க்க ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும். ஃபோட்டோஷாப் வாங்கலாமா என்று யோசிப்பவர் இரண்டு வாரம் இதில் பழகிப் பார்க்கலாம்.

சரி, எப்போது பணம் கட்டலாம்? மற்ற ஸ்டுடியோவோடும் லேபோடும் பிஎஸ்டி கோப்பு கொடுத்து வாங்க வேண்டிய நிலை வந்தால் கட்டலாம். ஆல்பம் வடிவமைப்புக்கு விற்கிற டெம்ப்ளேட்டுகள் பிஎஸ்டியாகத்தான் வருகின்றன. வேலைக்குப் போக நினைப்பவரிடமும் கேட்கப்படுவது பெரும்பாலும் ஃபோட்டோஷாப்தான். 7 நாள் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பணம் கட்டும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். மாதா மாதம் பணம் போகும் திட்டங்களில் பல, உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். 14 நாளைக்குப் பிறகு நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வார்கள்.

கணினியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்புக்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால்தான் ஆல்ப வேலை நகரும். பழைய கணினி என்றால் சந்தாப் பணத்தை முதலில் ரேமுக்குப் போடுங்கள்.

ஏழாம் படி: தொழில்முறை மென்பொருளில் முதல் வேலையாகப் பழைய படம் ஒன்றை எடுங்கள்

வீட்டில் பூஞ்சை பிடித்த பழைய படம் ஒன்று இருக்கும். லேயர் என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாகக் கற்றுத்தர எதுவும் இல்லை. ஃபிரேமில் இருந்து கவனமாக எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே வைத்து, அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளைப் படமானாலும் கலர் ஸ்கேனாகவே எடுங்கள். பழுப்புக் கறை எங்கே இருக்கிறது என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

திறந்ததும் முதல் வேலை, கோப்புக்கு வேறு பெயர் கொடுத்துச் சேமிப்பது. என் ஆச்சியின் படம் ஒன்றை, பழகிய புதிதில், மூலக் கோப்பின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டேன். அசல் படம் அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய், இடம் மாறியதில் தொலைந்துவிட்டது. அதிகமாக வழவழப்பாக்கிய அந்த முகம்தான் இப்போது எங்களிடம் மிச்சம். அவர் கன்னத்தில் இருந்த மருவை நான் கறை என்று நினைத்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து முதல் சொடுக்கே நகல் எடுப்பதுதான்.

அடுத்து, படத்துக்கு மேலே ஒரு காலி லேயர் போடுங்கள். ஹீலிங் பிரஷை எடுத்து, எல்லா லேயரில் இருந்தும் நிறத்தை எடு என்ற தேர்வை இயக்குங்கள். கிம்ப்பில் அதன் பெயர் சாம்பிள் மெர்ஜ்டு. இப்போது நீங்கள் செய்யும் திருத்தம் எல்லாம் அந்தக் காலி லேயரில் மட்டும் விழும், கீழே இருக்கும் படம் அப்படியே இருக்கும். நெற்றியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே நல்ல தோல் உள்ள இடத்தைத் தேர்ந்து, புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிய பிரஷால் ஒரே ஒரு தொடல். தேய்க்கக் கூடாது. மீசை மேல் இருக்கும் புள்ளிக்கு ஹீலிங் வேண்டாம், குளோனுக்கு மாறுங்கள். பிரஷை மயிரிழை அளவுக்குச் சின்னதாக்கி, மீசை முடி போகும் திசையிலேயே இழுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அந்த லேயரின் கண் குறியை அணைத்துப் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முகம் பொம்மை மாதிரி ஆகத் தொடங்கினால் லேயரின் ஒபாசிட்டியை (கீழே உள்ளதை அது மறைக்கும் அளவை) 80 சதவீதத்துக்குக் குறையுங்கள். முகத்தின் உயிர் கொஞ்சம் திரும்பி வரும்.

செயற்கை நுண்ணறிவு வைத்து ஒரு நொடியில் செய்து தரும் கருவிகள் இப்போது நிறைய இருக்கின்றன. சுவர், வானம், தரை போன்றவற்றுக்கு நானும் பயன்படுத்துகிறேன். இறந்துபோனவரின் முகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். அது அழிந்துபோன கண்ணை மீட்பதில்லை, வேறு ஒரு கண்ணைப் புதிதாக வரைகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வீட்டில் வயதானவர்கள் பார்த்தவுடன் "இது அவர் இல்லையே" என்பார்கள்.

எட்டாம் படி: தமிழ் எழுத்தையும் அச்சையும் முன்கூட்டியே சோதியுங்கள்

வாங்குவதற்கு முன்னால் அந்த மென்பொருளில் "கோவிந்தன்", "ஸ்ரீதேவி" என்று இரண்டு பெயரை யுனிகோட் எழுத்துருவில் அடித்துப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து இடம் மாறி நிற்கும். டைப் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை இயக்கினால் சரியாகும். இது தெரியாமல்தான் பல ஸ்டுடியோக்களில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களிலேயே பெயர் அடிக்கிறார்கள். கிம்ப்பில் தமிழ் யுனிகோட் தனியாக எதையும் மாற்றாமலே ஒழுங்காக வரும்.

அச்சைப் பொறுத்தவரை, ஃபோட்டோ லேபுக்கு எஸ்ஆர்ஜிபி (திரைகளில் வழக்கமான நிற முறை) நிறத்தில் ஜேபெக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஆஃப்செட்டில் அழைப்பிதழ் அடிக்க நான்கு மை நிறமான சிஎம்ஒய்கே கேட்பார்கள். கிம்ப்பில் அந்த முறையிலேயே இருந்து நேரடியாக வேலை செய்ய முடியாது, கடைசியில் மாற்றி ஏற்றுமதி செய்யலாம். அழைப்பிதழ் வேலைதான் உங்கள் தொழில் என்றால் ஃபோட்டோஷாப் அல்லது அஃபினிட்டி பக்கம் போவது நிம்மதி. எதுவானாலும் முதல் வேலைக்கு முன் ஒரு சின்னப் பிரின்ட் போட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள். திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்தினால் பிரின்ட் இருட்டாகத்தான் வரும்.

ஒன்பதாம் படி: மாறிய பிறகும் பழைய செயலியை நீக்க வேண்டாம்

நான் இன்றும் ஸ்னாப்சீட் வைத்திருக்கிறேன். தெருவில் நிற்கும்போது ஒரு படத்தைக் கிராப் செய்து அனுப்ப அதுதான் வேகம். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பிரின்ட் போட வேண்டிய படம் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கோப்புகளை மூன்று ஃபோல்டராகப் பிரித்து வையுங்கள்: கேமராவில் இருந்து வந்தது ஒன்று, லேயரோடு உள்ள வேலைக் கோப்பு ஒன்று, கொடுக்கத் தயாரான ஜேபெக் ஒன்று. முதல் ஃபோல்டரின் நகல் வேறொரு வன்தட்டில் இருக்கட்டும். சந்தாவை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முந்தைய வாரமே முக்கியமான பிஎஸ்டி கோப்புகளைக் கிம்ப்பிலோ ஃபோட்டோபீயிலோ திறந்து பாருங்கள். சில எஃபெக்டுகள் அங்கே சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவற்றை மட்டும் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக் சந்தா முடிந்த பிறகும் திறக்கும், படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் விடும். திருத்தும் பகுதி பூட்டப்படும்.